கோரையோடையில் காணாமல் போன தண்ணீர்

அக்டோபர் 6, திங்கள்

ஓடைப் பாலத்தருகே ஒரு வீடு கிடைத்திருக்கிறது. மேலூரான மேலமடைப்பட்டியிலும் சேராது, கீழூரான செவ்வல்குளத்திலும் சேராது. அதற்காகவே இதைப் பிடித்தேன். மேலூரில் தங்கினால் கீழூர்க்காரர்கள் என் கணக்கை நம்பமாட்டார்கள், கீழூரில் தங்கினால் மேலூர்க்காரர்கள் ஓடைக்குள் கால் வைக்கவே விடமாட்டார்கள் என்று தென்காசி ஆட்சியர் அலுவலகத்தில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

வேலை இதுதான். மலையிலிருந்து இறங்கும் கோரையோடையை மேலமடைப்பட்டிக்காரர்கள் ஒரு சின்ன அணையால் மறித்து வயலுக்குத் திருப்புகிறார்கள். மிச்சத் தண்ணீர் ஓடி வந்து செவ்வல்குளத்தின் குளத்தை நிரப்ப வேண்டும். பல வருடமாக நிரம்பவில்லை. மேலூர் திருடுகிறது என்கிறது கீழூர். மூன்று வருடத்துக்கு முன் அணைமேல் நடந்த அடிதடியில் ஒருவருக்குக் கால் முறிந்து, வழக்கு இன்னும் முடியவில்லை. அணையின் உயரத்தைக் குறைத்துவிடலாமா என்று யோசிக்க மாவட்டத்தில் ஒரு குழு போட்டிருக்கிறார்கள். அணையைத் தாண்டி எவ்வளவு தண்ணீர் வருகிறது, குளத்துக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது, நடுவில் என்ன ஆகிறது என்று அளந்து, கணினியில் ஓடைக்கு ஒரு கணக்கு மாதிரியை உருவாக்கி குழுவுக்குச் சொல்ல வேண்டியது எங்கள் ஆய்வு நிறுவனம். அதாவது நான்.

மெய்யப்பன் எழும்பூர் வரை வந்து ரயிலேற்றிவிட்டார். பதினோரு வருடமாகக் கணவன் மனைவியாக இருக்கிற இரண்டு பேர் ரயில் தாமதத்தைப் பற்றி மட்டுமே அவ்வளவு நேரம் பேச முடியும் என்று எனக்குத் தெரியாது.

அளவுகள் எல்லாம் கணினியில் ஏறிவிடும். மற்றதை இங்கே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 8, புதன்

அணைக்குக் கீழே ஒன்று, குளத்து வாய்க்கால் முகப்பில் ஒன்று என இரண்டு அளவுகோல்களை நட்டோம். தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று தினமும் காலையில் பார்க்க வேண்டும். உதவிக்கு மேலமடைப்பட்டி மகளிர் குழுவிலிருந்து சந்தனமாரி என்ற பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். முப்பது வயதிருக்கும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுத்தியலை என் கையிலிருந்து வாங்கி, இரண்டே அடியில் கம்பியை இறக்கினாள்.

மேல் அளவுகோலைத் தினமும் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கீழ் அளவுகோலையும் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அங்கே வரமாட்டேன் என்றாள். காரணம் சொல்லவில்லை. கீழே நானே போகிறேன்.

கேஸ் அடுப்பு எரியவில்லை. ரப்பர் குழாய் மாற்ற வேண்டும்.

அக்டோபர் 13, திங்கள்

உப்பு அளவீடு.

பாறைகளுக்கு நடுவே ஓடும் தண்ணீரை நீரோட்டமானி வைத்து அளந்தால் சரியாக வராது. அதனால் உப்பு. ஒரு வாளி உப்பைக் கரைத்து மேலே ஊற்றிவிட்டுக் கீழே கருவியோடு நிற்க வேண்டும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கருவியில் எண் ஏறி இறங்குவதை வைத்து, அந்த உப்பை எவ்வளவு தண்ணீர் நீர்க்கச் செய்தது என்று கணக்குப் போடலாம். குழம்பில் உப்பு சப்பென்று இருந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று தெரிகிறதல்லவா, அதேதான்.

இதை அணையருகே கூடிவிட்ட மேலூர்க்காரர்கள் பத்துப் பேருக்கு விளக்குவதற்குள் தொண்டை வறண்டது. வயலில் உப்பைக் கலந்து நிலத்தைக் கெடுக்க வந்திருக்கிறேன் என்று பேச்சாம். சந்தனமாரியின் கணவர் கருத்தப்பாண்டியும் கூட்டத்தில் இருந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வாளி உப்புக்கு இத்தனை படபடப்பா என்று கடைசியில் சந்தனமாரிதான் கேட்டாள். “ஒங்க வீட்டுல மாங்காய் ஊறுகாய்க்குப் போடுத உப்புகூட இதுல கெடையாது. வழிய விடுங்க.”

அணைக்குக் கீழே நொடிக்கு நூற்று நாற்பது லிட்டர். குளத்து முகப்பில் அறுபத்தைந்து. பாதிக்கு மேல் வழியிலேயே தொலைகிறது.

அக்டோபர் 15, புதன்

பிள்ளைகள் எத்தனை என்று சந்தனமாரி கேட்டாள். இல்லை என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. இல்லை என்பது சரியான பதில்தானா என்று சாயந்திரம் வரை மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

புதுக் குழாய் மாட்டியாயிற்று. அடுப்பு எரிகிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

வெளியே போகவில்லை. வாளிகளைக் கழுவினேன். திரும்பவும் கழுவினேன். மெய்யப்பன் மூன்று தடவை கூப்பிட்டிருந்தார். இங்கே சிக்னல் சரியில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

தீபாவளி கழித்து நல்ல மழை. மலையில் வைத்த மழைமானி விடாமல் எண்ணிக்கொண்டே இருந்தது. ஓடையில் தண்ணீர் இடுப்பளவு. பாலத்திலிருந்து கயிற்றில் கருவியை இறக்கி அளந்தோம். நான் வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். சந்தனமாரி கருவியைப் பிடித்துக்கொண்டாள், என்னை விட்டுவிட்டாள். கேட்டதற்கு, மிசினு விலை கூட என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றாள்.

இவ்வளவு தண்ணீர் வந்தும் குளத்தில் முழங்கால் ஆழம்கூட ஏறவில்லை.

நவம்பர் 5, புதன்

மாதிரி ஓடத் தொடங்கிவிட்டது. மலை, காடு, வயல், ஓடை எல்லாவற்றையும் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மழை எவ்வளவு விழுந்து, எவ்வளவு மண்ணுக்குள் இறங்கி, எவ்வளவு ஓடுகிறது என்று கணினி போடும் கணக்கு. அணைவரை நான் அளந்ததோடு அழகாகப் பொருந்துகிறது. அணைக்குக் கீழே மட்டும் பொருந்தவில்லை. மேலூர்க்காரர்கள் அணையைத் தாண்டியும் குழாய் போட்டு எடுக்கிறார்கள் என்று ஒரு எண்ணைச் சேர்த்துப் பார்த்தேன். உடனே எல்லாம் சரியாகிவிட்டது. வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டு ஓடின.

இயக்குநருக்கு அனுப்பினேன். அரை மணியில் பதில். அருமை, இதையே எழுதிக் குழுவுக்குக் கொடுத்துவிடலாம், டிசம்பர்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்கிறார்.

நவம்பர் 6, வியாழன்

சந்தனமாரி நேராகவே கேட்டாள். “எங்க ஊரு எடுக்குன்னு மிசினு சொல்லுதா மேடம்?”

இப்போதைக்கு அப்படித்தான் தெரிகிறது என்றேன். அவள் அளவைச் சொல்லிவிட்டு, கயிற்றைச் சுற்றி வைத்துவிட்டுப் போனாள். தேநீர் குடிக்கவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

சந்தனமாரி வரவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

இரண்டு நாளாக ஒரு சந்தேகம். நேற்று வேண்டுமென்றே தலைகீழாகச் செய்து பார்த்தேன். மேலூர் ஒரு சொட்டுக்கூட எடுக்கவில்லை, கீழூர்க்காரர்களே வழியில் உறிஞ்சிவிடுகிறார்கள் என்று வைத்தேன். அதுவும் பொருந்தியது. ஓடைக்கரை மரங்கள் குடிக்கின்றன என்று வைத்தேன். கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் அதுவும் பொருந்தியது.

நான் யாரைக் காட்டச் சொன்னாலும் மாதிரி அவரைக் காட்டிக்கொடுக்கிறது. தண்ணீர் எங்கே தொலைகிறது என்று அதற்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாத இடத்தில் ஒரு ஊரின் பெயரைப் போட்டு நிரப்பியிருக்கிறேன்.

இந்த அறிக்கை போயிருந்தால் அணையை உடைத்திருப்பார்கள். மேலூரில் இரண்டாம் போகம் போயிருக்கும். இன்னொருவருக்குக் கால் போயிருக்கும்.

இயக்குநரிடம் பேசினேன். கோடு ஒட்டியபிறகு எதற்குக் குழப்பிக்கொள்கிறீர்கள் உமையாள் என்றார். ஒட்டுவது மட்டும் போதாது சார் என்றேன். கோபம்தான். இரண்டு வாரம் கொடுத்தார்.

நவம்பர் 11, செவ்வாய்

ஓடையை நடந்தே அளப்பது என்று முடிவு. அணையிலிருந்து குளம்வரை, கூப்பிடு தூரத்துக்கு ஒரு இடமாக நிறுத்தி நிறுத்தி உப்பு விட்டு அளக்க வேண்டும். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் தண்ணீர் குறைகிறதோ அங்கேதான் கள்ளன். வாளி, உப்பு, கருவி எல்லாவற்றையும் தனியாகச் சுமந்தேன். மதியத்துக்குள் தோள் விட்டுப்போயிற்று. அணைக்குக் கீழே முதல் மைல் முழுவதும் தண்ணீர் குறையவே இல்லை. மேலூர் எல்லை அங்கேயே முடிந்துவிடுகிறது.

இன்னும் பாதி ஓடை இருக்கிறது. இன்றைக்கு முடியாது.

நவம்பர் 12, புதன்

காலையில் வாசலைத் திறந்தால் சந்தனமாரி. நேற்று நான் தனியாக வாளி தூக்கிக்கொண்டு நடந்ததை ஆடு மேய்க்கிறவர்கள் பார்த்துச் சொன்னார்களாம். எங்கள் ஊரில் எடுக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டதென்றால் ஏன் இன்னும் அளக்கிறீர்கள் என்றாள். தெரியவில்லை, அதனால்தான் என்றேன். வாளியை எடுத்துக்கொண்டாள்.

பத்தரை மணிவாக்கில் கண்டுபிடித்தோம். கீழூர் எல்லைக்குள், ஓடை சற்றே திரும்புகிற இடத்தில் வெள்ளையாகப் பாறை தெரிகிறது. அதற்கு மேலே நூற்று முப்பது லிட்டர். ஒரு பனைமரத் தூரம் கீழே எழுபது. திரும்ப அளந்தோம். எழுபதேதான். வாய்க்கால் கிடையாது, குழாய் கிடையாது, மரம்கூடக் கிடையாது. கண்ணுக்கு முன்னால் பாதி ஓடை காணாமல் போகிறது. பாறை இடுக்கில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறது.

சந்தனமாரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் சொன்னாள். அவள் பிறந்த ஊர் செவ்வல்குளம். அணையில் கால் முறிந்தவர் அவளுடைய அண்ணன் பூலுடையார். அடித்த கூட்டத்தில் அவள் கணவரும் நின்றார். அவர் கை வைக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அண்ணன் வீட்டில் யார் நம்புவார்கள்? அன்றிலிருந்து போக்குவரத்து இல்லை. அம்மா இறந்தபோது மட்டும் போனாள். வாசலிலேயே நின்று அழுதுவிட்டு வந்தாளாம்.

நவம்பர் 14, வெள்ளி

கல்லின் துண்டை நிலவியல் படித்த தோழிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் காலங்காலமாக அரித்து அதற்குள் பொந்து உண்டாக்கியிருக்கலாம் என்கிறாள். அப்படியென்றால் தண்ணீர் எங்கோ போய் வெளியே வர வேண்டும்.

எங்கே என்று கேட்க ஒரு வழி இருக்கிறது. பச்சைச் சாயம். துளி போதும், எவ்வளவு தண்ணீரில் கலந்தாலும் நிறம் தெரியும். இந்த அளவில் மனிதருக்கும் மாட்டுக்கும் கெடுதல் இல்லை. ஆட்சியர் அலுவலகத்தில் அனுமதி கேட்டிருக்கிறேன்.

மெய்யப்பனிடம் பேசினேன். சுண்ணாம்புப் பாறையைப் பற்றி நெடுநேரம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், உன் குரல் நன்றாக இருக்கிறது உமை என்றார்.

நவம்பர் 18, செவ்வாய்

இரண்டு ஊரிலும் தண்டோரா போட்டு, நோட்டீஸ் ஒட்டி, பஞ்சாயத்தில் சொல்லி முடித்த பிறகு சாயம் விட்டோம். கிணற்றில் பச்சை தெரிந்தால் பயப்படாமல் எனக்குச் சொல்லுங்கள் என்று நம்பர் கொடுத்திருக்கிறேன். சந்தனமாரிதான் ஊற்றினாள். கோயில் தெப்பத்தில் பாசி பிடித்த மாதிரி ஒரு நிமிடம் பச்சை. பிறகு பாறை அப்படியே விழுங்கிவிட்டது.

நவம்பர் 20, வியாழன்

ஒன்றும் இல்லை. ஓடைக்கரைக் கிணறுகள் எல்லாம் தெளிவு.

நவம்பர் 21, வெள்ளி

காலை போனில் ஒரு ஆண் குரல் கத்தியது. பூலுடையார். அவர் கிணறு ஓடையிலிருந்து வெகு தூரம் தள்ளி, வாழைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. அங்கே வரும் என்று நானே நினைக்கவில்லை. நீங்கள் வர வேண்டாம் என்று சந்தனமாரியிடம் சொன்னேன். அவள் ஏற்கெனவே ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

கிணற்றைச் சுற்றிக் கூட்டம். குழாயிலிருந்து தொட்டியில் விழுந்த தண்ணீர் கண்ணாடி வளையல் போலப் பச்சை. பூலுடையார் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு நின்றார். தங்கையைப் பார்த்தார், பார்க்காதது போல என்னிடம் பேசினார்.

“இத்தன வருசமா ஓடைத் தண்ணியத் திருடுனாவ. இப்ப என் கெணத்துலயும் விசத்தக் கலந்தாச்சு. நோட்டீசு ஒட்டிட்டா சரியாப் போச்சா?”

நான் பையிலிருந்து அனுமதிக் கடிதத்தை எடுத்தேன். சாயத்தின் பெயரை, அளவைச் சொல்லத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. சந்தனமாரி தொட்டியருகே கிடந்த செம்பைக் குழாயில் பிடித்து, அண்ணாந்து, மடமடவென்று குடித்தாள்.

ஊன்றுகோல் கீழே விழுந்தது. அவர் அந்தக் காலோடு எப்படி அவ்வளவு வேகமாக வந்தார் என்று தெரியவில்லை. செம்பைத் தட்டிவிட்டு அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். “ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? துப்பு. துப்புட்டி மொதல்ல.”

அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள். “எங்க ஊரு ஓடைத் தண்ணிதாம்ணே. நாந்தான் கலக்குனேன். விசம்னா நான் ஒன் கெணத்துல ஊத்துவனா?”

அவர் கை அவள் தோளிலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். நானும் ஒரு செம்பு குடித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. தண்ணீரின் ருசிதான்.

திரும்பி வரும்போது, மூன்று வருடத்தில் அண்ணன் என்னிடம் பேசிய முதல் பேச்சு துப்பு என்பதுதான் மேடம் என்று சொல்லிச் சந்தனமாரி சிரித்தாள். பிறகு பாலம்வரை அழுதாள். பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். அவள் கேட்காமலேயே அக்டோபர் பத்தொன்பதைப் பற்றிச் சொன்னேன். போன வருடம். எங்கள் குழந்தை கொஞ்ச நாள்தான் இருந்தாள் என்றேன். பெயர் வைத்தீர்களா என்று கேட்டாள். வைத்திருந்தோம். சொன்னேன். அவள் ஒரு தடவை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள்.

நவம்பர் 23, ஞாயிறு

பூலுடையார் தனியாக வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றே பேசினார்.

“அப்பம் எங்க குளத்த என் கெணறுதான் குடிக்குதா?”

அவருடையது மட்டுமில்லை, பக்கத்தில் இன்னும் ஐந்து கிணறுகளிலும் லேசாகப் பச்சை தெரிந்தது என்றேன். தாளில் வரைந்து காட்டினேன். ஓடைக்கு அடியில் பொந்து. அந்தப் பொந்து நிறைந்திருந்தால் தண்ணீர் மேலே ஓடிக் குளத்துக்குப் போகும். ஆறு மோட்டாரும் இழுத்துக்கொண்டே இருப்பதால் பொந்து நிறைவதே இல்லை. ஓடை அதற்குள் விழுந்துகொண்டே இருக்கிறது. யாரும் திருடவில்லை, யாருக்கும் தெரியவும் இல்லை.

எந்தக் கோடையிலும் வற்றாத கிணறு, சாமி கொடுத்தது என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன் என்றார். முறிந்த காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தத் தண்ணீருக்காகத்தான் அவர் அணையில் சண்டைக்குப் போனது. சந்தனமாரி எத்தனை மணிக்கு வருவாள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

நவம்பர் 29, சனி

பொந்தை மாதிரிக்குள் வைத்தேன். இப்போது கோடுகள் முன்புபோல அழகாக ஒட்டவில்லை. ஆனால் ஓடையில் நான் நடந்து அளந்த ஒவ்வொரு இடத்திலும் ஓரளவு சரியாக வருகிறது. முன்பு முதலிலும் கடைசியிலும் மட்டும்தான் சரி.

அதை வைத்து முன்னால் ஓட்டிப் பார்த்தேன். டிசம்பர் மழை வழக்கம்போல் பெய்து, ஆறு கிணறுகளும் சில நாள் மோட்டாரை நிறுத்தி, மேலூர் அதே நாட்களில் அணை மடையைத் திறந்துவிட்டால் குளம் பாதி நிரம்பும். குளத்தில் தண்ணீர் நின்றால் கிணறுகளும் கோடைக்கு வற்றாது. மழை ஏமாற்றினால் வாழையும் போகும், மேலூரில் நாற்றங்காலும் போகும்.

டிசம்பர் 2, செவ்வாய்

குழுக் கூட்டம். இயக்குநரும் வந்திருந்தார். சாயம் பச்சையாக விழும் படத்தைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. முதல் அறிக்கையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மேலூர் சார்பில் கருத்தப்பாண்டி, கீழூர் சார்பில் பூலுடையார். முதலில் யார் இறங்கி வருவது என்பதில் எல்லாம் நின்றது. கிணற்று மோட்டாரை நிறுத்தினால் மடையைத் திறப்போம் என்றது ஒரு பக்கம். மடையைத் திறந்தால் நிறுத்துவோம் என்றது மறுபக்கம். மழை நிச்சயம் வருமா, குளம் நிச்சயம் ஏறுமா என்று என்னைக் கேட்டார்கள். நிச்சயம் இல்லை, பத்துத் தடவை செய்தால் ஏழு தடவை ஏறும் என்றேன். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார்.

பூலுடையார் எழுந்தார். “வாழ போனா அடுத்த வருசம் வச்சுக்கிடலாம். நாளைக்கு நான் மோட்டார நிறுத்துதேன். மத்ததப் பொறவு பேசுங்க.”

கருத்தப்பாண்டி அவரை நிமிர்ந்து பார்த்தார். மடையைக் காலையிலேயே திறந்துவிடுகிறோம் என்று குழுத் தலைவரைப் பார்த்துச் சொன்னார்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஆறு மோட்டாரும் நின்றிருக்கின்றன. மடை திறந்திருக்கிறது. வானம் துடைத்துவிட்டது போல் இருக்கிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

மழை இல்லை. வாழை இலைகள் மடங்கத் தொடங்கிவிட்டன. கிணற்றுக்குள் கயிறு விட்டு அளந்தோம். நீர்மட்டம் ஏறிக்கொண்டுதான் வருகிறது, ஆனால் மெதுவாக. பூலுடையார் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பத்தில் மூன்று என்பதும் நான் சொன்னதுதான்.

மெய்யப்பனை நானே கூப்பிட்டேன். பயமாக இருக்கிறது என்றேன். வரட்டுமா என்றார். போன வருடம் நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் இதையே கேட்டார். அப்போது வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வாங்க என்றேன்.

டிசம்பர் 11, வியாழன்

மெய்யப்பன் வந்தார். காரைக்குடி வழியாக வந்து, ஒரு தூக்குவாளி நிறைய மாவுருண்டை கொண்டுவந்திருக்கிறார். சந்தனமாரி இரண்டு சாப்பிட்டுவிட்டு, அண்ணாச்சி, ஓடையில் இறங்குவீர்களா என்று கேட்டாள். இறங்கினார். அளவுக்கம்பியைத் தலைகீழாகப் பிடித்தார்.

மதியத்துக்கு மேல் மலை கறுத்தது.

டிசம்பர் 13, சனி

விடாத மழை. மூன்று பேரும் வெள்ளைப் பாறையிலேயே நின்றோம். குடைக்குப் பயன் இல்லை. காலையில் பாறை குடித்துக்கொண்டிருந்தது. மதியம் இடுக்குகளில் குமிழி வந்தது. பிறகு குமிழியும் நின்றது. பொந்து நிறைந்துவிட்டது. ஓடை பாறைமேல் ஏறி, மறுபக்கம் இறங்கி, குளத்தைப் பார்த்து ஓடியது. மேலே நானூற்றுப் பத்து, கீழே முந்நூற்றுத் தொண்ணூறு. கருவியில் எண்ணைப் படித்ததும் மெய்யப்பன், இது நல்லதுதானே என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

நாங்கள் ஏன் நிற்கிறோம் என்று பார்க்க இரண்டு ஊரிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். கருத்தப்பாண்டி கரையில் ஒரு இடத்தில் மண் சரிவதைப் பார்த்து மம்பட்டியோடு இறங்கினார். ஒரே ஆளால் அணைக்க முடியவில்லை. கீழூர் இளவட்டங்கள் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

டிசம்பர் 18, வியாழன்

குளம் முக்கால்வாசி. நான் பாதி என்று சொல்லியிருந்தேன். என் கணிப்பு தப்பு. பொந்து நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். மாதிரியைத் திருத்த வேண்டும். தப்பானதற்காக இவ்வளவு சந்தோஷமாக இதற்கு முன் இருந்ததில்லை.

வாழையில் ஒரு பகுதி போயிற்று. மிச்சம் தேறிவிடும் என்கிறார் பூலுடையார். மோட்டாரைத் திரும்பப் போட்டாயிற்று.

டிசம்பர் 23, செவ்வாய்

அறிக்கை போய்விட்டது. அணையைத் தொட வேண்டாம். ஒவ்வொரு மழைக்காலத்திலும் குளம் நிரம்பும்வரை மடையைத் திறப்பதும் மோட்டாரை நிறுத்துவதும் சேர்ந்து நடக்கும் என்று இரண்டு ஊரும் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. வழக்கு பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை. அடுத்த வாய்தாவுக்குப் பூலுடையார் போகப்போவதில்லை என்று சந்தனமாரிக்கு யாரோ சொன்னார்களாம். அளவீடு இன்னும் இரண்டு வருடம் தொடர வேண்டும் என்று குழு கேட்டிருக்கிறது. யாரை அனுப்புவது என்று இயக்குநர் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 13, செவ்வாய்

சந்தனமாரி வீட்டில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நீர்மட்டத்திலிருந்து நீரளவு காண்பது எப்படி என்று. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முதலில் கரும்பு தெரிந்தது. பிறகு மஞ்சள் கொத்து, பனங்கிழங்குக் கட்டு, அரிசிப் பை, காய்கறி, வெண்கலப் பானை. கடைசியாக ஊன்றுகோல்.

கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவரும் பொங்கல்படி என்று பிறகுதான் எனக்கு விளங்கியது. அப்போது சந்தனமாரியின் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். எழுந்திருக்கப் போனவள் எழுந்திருக்காமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பூலுடையார் படியேறவில்லை. வெளியில் நின்றார். உள்ளேயிருந்து கருத்தப்பாண்டி வந்தார். இரண்டு ஆண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கருத்தப்பாண்டி இறங்கிப் போய்ப் பானையை வாங்கிக்கொண்டார். இன்னொரு கையை மச்சானின் கைக்குக் கீழே கொடுத்தார். படி உயரம், பார்த்து வாங்க என்றார்.

சந்தனமாரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பூலுடையார் செம்பை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“பச்சையா இல்லயே?”

இந்த இரண்டு மாதத்தில் அவர் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான். யாரும் உடனே சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தோம்.

ஜனவரி 14, புதன்

பொங்கலுக்குச் சென்னைக்குப் புறப்பட்டுவிட்டேன். ரயிலில் எழுதுகிறேன். நீங்கள் திரும்பி வருவீர்களா, வேறு ஆள் வருவாரா என்று சந்தனமாரி நேற்றுக் கேட்டாள். மெய்யப்பனுக்கு அவர் அலுவலகத்தின் மதுரைக் கிளைக்கு மாற்றல் கேட்டால் கிடைக்கும். அங்கிருந்து வார விடுமுறைக்கு வந்து போகலாம். அவரே சொன்னது.

பாலத்தருகே இருக்கும் வீட்டில் ஒரே ஆள்தான் வசதியாக இருக்க முடியும். செவ்வல்குளத்திலோ மேலமடைப்பட்டியிலோ, எந்த ஊராக இருந்தாலும் சரி, இரண்டு பேருக்கு ஒரு வீடு பார்க்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.